மார்ஸ்டன் துரை வரைந்த அப்பா

வாங்க சார், வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும், யாரும் எடுத்துட்டுப் போவ மாட்டாவ. படத்தப் பாக்க மெட்ராஸ்லருந்து ஆள் வரும்னு சொல்லி விட்டிருந்தாவ. நான் அடுத்த வாரந்தான்னு நெனச்சேன். பரவால்ல, வந்ததே பெருசு. உக்காருங்க. அதுல இல்ல, அதுக்கு ஒரு கால் ஆடும். இந்தா, இந்தக் கருப்பு நாற்காலில உக்காருங்க. யாரயும் இதுல உக்கார விடுறதில்ல, பாத்துக்கிடுங்க. மார்ஸ்டன் துரை வரையும்போது அப்பா உக்காந்த நாற்காலி இது. படத்துலயும் இதான் இருக்கும். நீங்க படம் தெரிஞ்ச ஆளு, உங்களுக்குன்னா பரவால்ல.

படம் உங்க தலைக்கு நேர் பின்னாலதான் தொங்குது. இப்பம் திரும்பிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. இந்த அறையில இருட்டுதான். சன்னல ஆணியடிச்சு வச்சிருக்கேன். அது ஒரு கத. கடைசில நானே தொறந்து காட்டுதேன். மொதல்ல கதையக் கேட்டுட்டுப் பாருங்க, அப்பந்தான் படம் புரியும்.

ஏ கோமு, ரெண்டு காப்பி கொண்டா.

நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. பொறகு சொல்லலாம் சார். நான் மொதல்லருந்து வரிசையாச் சொல்லிருதேன், நடுவுல பேசுனா எனக்கு வுட்டுப் போயிரும்.

எங்கப்பா ராவ் சாகிப் தெய்வநாயகம் பிள்ளை. தூத்துக்குடியில இந்தப் பேரச் சொன்னா அழுத பிள்ளையும் வாய மூடும். உப்பளம் எங்களுக்கு, தோணி எங்களுக்கு, துறைமுகத்துல சரக்கு வைக்கிற கிட்டங்கி எங்களுக்கு. இப்பம் வீடு மட்டுந்தான் மிச்சம், அத விடுங்க. பஸ் ஸ்டாண்டுலருந்து வரும்போது முக்குல ஒரு செலை பாத்திருப்பீங்களே, கோட்டும் தலப்பாவும் போட்டு. அப்பாதான். இந்தப் படத்தப் பாத்துத்தான் செலையும் செஞ்சாவ. ஸ்கூல்ல மாட்டியிருக்கதும் இந்தப் படத்தோட நகல்தான். அப்பாவுக்கு வேற படமே கெடயாது. கூச்சம். ராவ் சாகிப் பட்டம் குடுத்த அன்னைக்கிக்கூட, எல்லாரும் வரிசையா நின்னு போட்டோ எடுக்கப் போற நேரத்துல, ஒண்ணுக்கு வருதுன்னு எந்திச்சுப் போயிட்டாவளாம். அவ்வளவு கூச்சம்.

மார்ஸ்டன் துரை வந்தது ஜெர்மன்காரன் சண்டைக்கு முந்துன வருசம். எனக்கு ஆறு வயசு. சீமையில பெரிய மனுசங்களையெல்லாம் வரஞ்சு பேரெடுத்தவராம். நம்ம பக்கத்துப் பெரிய மனுசங்கள வரஞ்சு ஒரு புஸ்தகம் போடணும்னு கெளம்பி வந்துட்டாரு. ஒரு ஜட்ஜு, ஒரு பிஷப்பு, ஒரு லேடி டாக்டரு, ஒரு வீணை வித்வான், மேற்க மலையடிவாரத்துல ஒரு ஜமீன்தாரு. அந்த வரிசையில எங்கப்பா. கலெக்டரே சொல்லி விட்டாரு, மாட்டேன்னு சொல்ல முடியுமா?

அவரு வேல செய்யிற விதமே தனி. பழுப்புக் காயிதம், செவப்புச் சாக்கட்டி ஒண்ணு, அவ்வளவுதான். முழங்காலோட முழங்கால் இடிக்கிற மாதிரி கிட்ட வந்து உக்காருவாரு. பேசக் கூடாது. மொதல்ல மொகம், கண்ண மட்டும் விட்டுட்டு. பொறகு கோட்டு, தலப்பா, கை. பெரிய மனுசங்களுக்கு அதுவரைக்கும் உக்காரப் பொறும இருக்குமா? அதனால வேற ஒருத்தனுக்கு அந்தத் துணியப் போட்டு உக்கார வச்சு அதை வரஞ்சுக்கிடுவாரு. கடைசியில கண்ணு. எல்லாம் முடிஞ்ச பொறகு, யாரு படமோ அவிய கீழ கையெழுத்துப் போடணும். போட்டாத்தான் படம் முடிஞ்சதா அர்த்தம்.

ஊர்ல சும்மா இருப்பாங்களா? ஜமீன்தாரு படம் முடிஞ்ச மாசமே போய்ச் சேந்துட்டாரு. வீணை வித்வானுக்குக் கை விழுந்து போச்சு. துரை மொகத்த எடுக்கும்போது ஆயுசையும் சேத்து எடுத்துட்டுப் போயிருதாருன்னு பேச ஆரம்பிச்சுட்டாவ. அப்பா இதெல்லாம் நம்புற ஆளில்ல சார். பயந்தாவன்னு சில மூதிங்க இன்னைக்கும் சொல்லும். நம்பாதீங்க.

அந்த நேரத்துல கிட்டங்கியில வேலாண்டின்னு ஒருத்தன் இருந்தான். மூட்ட தூக்குறவன். நல்ல ஒசரம், அப்பா ஒசரந்தான். அவனக் கூப்பிட்டு அப்பா சொன்னாவளாம்: "ஏல, உள்ள வா. ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா உக்காந்திருந்தாப் போதும்." சொல்லிட்டுத் தன் கோட்டக் கழத்தி அவனுக்குப் போட்டு விட்டாவ. தலப்பாவையும் தன் கையாலயே கட்டி விட்டாவ. உலகத்துல எந்த மொதலாளி மூட்ட தூக்குறவனுக்குத் தன் கோட்டக் குடுப்பான், சொல்லுங்க? அந்த மனசு யாருக்கு வரும்?

வந்துட்டியா கோமு. வை. ஏ, அங்க என்ன பாத்துக்கிட்டே நிக்க? சாருக்கு மொதல்ல குடு. பாத்து, பாத்து, ஊத்துதே. சரி போ. போன்னா.

வயசாயிட்டு சார். எங்கம்மா காலத்துலருந்து இங்கதான் இருக்கா. கொஞ்சம் மறதியும் வந்துட்டு. அன்னைக்கி அப்பா ஊர்லயே இல்லம்பா. துரை வரஞ்ச நாளெல்லாம் அப்பா என்னையும் கூட்டிக்கிட்டுத் திருச்செந்தூர்ல போய் இருந்தாவளாம். இவ சொல்லுதா. அப்பம் மொகத்துக்கு யாரு உக்காந்தான்னு நான் கேட்டா அடுப்பப் பாக்கப் போயிருவா.

எனக்கே ஒண்ணு ஞாபகம் இருக்கு. நாங்க திருச்செந்தூர்லருந்து வில்வண்டியில வந்து எறங்குதோம். கையில சில்லுக்கருப்பட்டி. வாசல்ல துரை பெட்டியெல்லாம் கட்டிக்கிட்டு நிக்காரு. அப்பாவப் பாத்துத் தொப்பியக்கூட எடுக்கல. யாரோ கணக்கப்பிள்ளைன்னு நெனச்சுக்கிட்டு, அந்தப் பெட்டியத் தூக்குன்னு கையக் காட்டுனாரு. அப்பாவும் ஒரு வார்த்த பேசாம தூக்கி வண்டியில வச்சாவ. ராவ் சாகிப், பாத்துக்கிடுங்க, தன் கையால. என்ன பணிவு. வெள்ளக்காரனுக்கு நம்ம மூஞ்சியெல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும், முழங்கால் இடிக்க உக்காந்து வரஞ்ச மூஞ்சிகூட மறந்து போச்சு அவருக்கு. அப்புறம் படத்த உள்ள குடுத்து விட்டாரு. அப்பா பின்கட்டுல வச்சே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாவ. இங்கிலீசுல, வளச்சு வளச்சு. அது அப்பா கையெழுத்து, எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் காட்டலாம். யாராவது ஏதாவது பேசுனா நான் அந்தக் கையெழுத்தத்தான் காட்டுவேன்.

என்ன சார், காப்பி ஆறுது. குடிங்க. நீங்க வெத்தல போடுவீங்களா? வேண்டாமா. சரி.

வேலாண்டி அந்த மாசத்துலயே செத்துட்டான். காய்ச்சல். உப்பளக் காத்துல நின்னு வேல செய்யிறவனுக்குக் காய்ச்சல் வராதா? ஆனா அந்தக் காய்ச்சல்ல அவன் ஒண்ணு சொல்லிக்கிட்டே கெடந்தானாம். "துரை இன்னும் எந்திக்கல. கன்னத்துல சொறண்டிக்கிட்டே இருக்காரு. போவச் சொல்லு." அவன் பொண்டாட்டி அப்பம் முழுகாம இருந்தா. முப்பிடாதின்னு பேரு. கன்னத்தத் தடவித் தடவிப் பாத்தாளாம், ஒண்ணுமில்லியாம். அப்பா டாக்டர அனுப்புனாவ. செத்த பொறகு, அந்தக் கோட்டத் திருப்பி வாங்க வேண்டாம், அவன் மேலயே போட்டு எரிச்சிருங்கன்னு சொன்னாவ. அவ்வளவு பெரிய மனசு. எழவு வீட்டுக்கு மட்டும் போவல. ராவ் சாகிப் அங்கெல்லாம் போவ முடியுமா?

துரை படத்த அச்செடுத்துட்டு, கண்ணாடி போட்டுக் கப்பல்ல அனுப்பி வச்சாரு. பெட்டியத் தொறந்து இந்தச் செவுத்துல மாட்டுனாவ. அப்பா வாசல்லயே நின்னு ஒரே ஒரு தடவ பாத்தாவ. அதுக்குப் பொறகு இந்த முன்னறைத் தார்சாவுக்குள்ள கால் வைக்கல. வீட்டுப் பக்கத்துச் சந்து முடுக்கு வழியா வந்து முடுக்கு வழியாப் போவாவ. சாப்பாடு அடுக்களையில. சொந்த வீட்டுல திருடன் மாதிரி. தன் படத்தத் தானே பாக்குறதுக்குக் கூச்சம். சொன்னேன்லா, கூச்ச சுபாவம்.

அடுத்த வருசம் அப்பாவுக்கும் காய்ச்சல். கடைசி நாளு தன் அறையில படுத்துக்கிட்டு இந்தப் பக்கத்துச் செவுத்தயே பாத்துக்கிட்டு இருந்தாவ. "அவன எறக்குங்க"ன்னாவ. யாருக்கும் புரியல. "அவன எறக்குங்க, அவன் உக்காந்துக்கிட்டே இருக்கான், எனக்குப் போவ வழி விட மாட்டேங்கான்." அம்மாதான் எந்திச்சு வந்து படத்த எறக்கி வச்சா. சாயங்காலம் உசுரு போயிட்டு. காய்ச்சல்ல பெனாத்துறதுதான் சார், அதுக்கெல்லாம் அர்த்தம் பாக்கக் கூடாது.

பொறகு எரங்கல் கூட்டம்னு ஊர்ப் பெரியவங்க வந்தாவ. படம் வேணும்ல? இதத்தான் எடுத்துட்டுப் போயி மால போட்டு வச்சாவ, திரும்பக் கொண்டாந்து அவிங்களே இங்க மாட்டிட்டும் போயிட்டாவ.

எங்கம்மா மாதிரி பத்தினிய நீங்க பாக்க முடியாது. அப்பா தெவசத்துக்கு இந்தப் படத்துக்கு ஒரு முழம் பூப் போட மாட்டா. சந்தனப் பொட்டு வைக்க மாட்டா. நான் சின்னப் பயலா இருக்கும்போது பூவ எடுத்துக்கிட்டு ஓடுனேன், கையப் புடிச்சு நிறுத்திட்டா. வெறும் குத்துவெளக்க ஏத்தி வச்சு அதுக்குத்தான் கும்பிடுவா. இந்த வழியாப் போவும்போது முந்தானைய இழுத்துத் தோள மூடிக்கிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவா. வெளியாம்பள யாராவது உக்காந்திருந்தா எப்படிப் போவாளோ அப்படி. செத்துப் போன புருசனுக்கு அவ்வளவு மரியாத. இந்தக் காலத்துல யாரு செய்யுதா?

படத்துல அப்பா கொஞ்சம் எளமையாத்தான் இருக்காவ. அம்பதத் தாண்டுன மனுசன், துரை முப்பத்தஞ்சு ஆக்கிட்டாரு. காதுல ஓட்ட போட்டு விட்டிருக்காரு, அப்பா காது குத்தலன்னு அம்மா சொல்லுவா. அப்பாவுக்குக் கன்னமெல்லாம் அம்மத் தழும்பு. படத்துல ஒண்ணுகூட இல்ல, வழுவழுன்னு இருக்கு. மரியாதைக்கு விட்டிருப்பாரு. படம் வரையிறவங்க அப்படித்தான, நீங்களே சொல்லுங்க.

இல்ல, இருங்க, அந்தக் கதைக்குத்தான் வாரேன். சன்னல் கத.

அந்த முப்பிடாதி வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு இங்க வருவா. வேலாண்டி பொண்டாட்டி. பனங்கெழங்கோ கருப்பட்டியோ முந்தியில முடிஞ்சுக்கிட்டு வந்து, வாசல்ல நிப்பா. அம்மாதான் கதவத் தொறப்பா. தார்சாவுக்குள்ள விட்டு, வெளியிலருந்து கதவச் சாத்திருவா. உள்ள அவளும் படமும் மட்டும். பொழுது சாயுற வரைக்கும் கெடப்பா. பேசுற சத்தங்கூடக் கேக்கும். கொறச்சலாப் பேசுவா, வீட்டுக்காரங்ககிட்டப் பேசுற மாதிரி, கடன்காரன் வந்தான், கூர ஒழுகுது, பய நடக்க ஆரம்பிச்சிட்டான்னு. எங்கப்பா படத்துக்கிட்ட! எனக்கு மீச மொளச்ச பொறகுதான் புரிஞ்சுது. பெரிய மனுசன் வீட்டுல இந்தமாதிரி ஏதாவது இருக்கத்தான செய்யும். ஆனா அத வீட்டுக்குள்ள விட்டுக் கதவையும் சாத்துதாளே எங்கம்மான்னு எனக்கு ஒடம்பெல்லாம் எரியும். அந்தப் பய யாரு ஜாடையில இருப்பானோன்னு நெனச்சு நெனச்சு வெந்திருக்கேன். ஒரு நாள்கூட அவனப் பாத்ததில்ல. அவ கூட்டிக்கிட்டு வர மாட்டா.

அம்மா செத்த வருசம் ஆடி அமாவாசைக்கு வந்தா. வாசல்லயே மறிச்சிட்டேன். "உனக்கு இங்க என்ன ஜோலி?"ன்னேன். சண்ட போடுவான்னு பாத்தேன். போடல. "ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன் ஐயா, மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு"ன்னா. "எங்கப்பா மொகம் உனக்கு எதுக்கு? மறந்தா மறந்துட்டுப் போ"ன்னு சொல்லிட்டேன். ஒரு பிள்ளைங்கிற மொறையில நான் வேற என்ன சொல்லணும்? அவ என்னயவே கொஞ்ச நேரம் பாத்தா. பாவமாப் பாத்தா. அதான் எனக்குத் தாங்கல. அவ என்னயப் பாத்து எரக்கப்படுததா?

அடுத்த வருசம் எதிர்த்த வீட்டு நெழல்ல வந்து நின்னா. அங்கன நின்னா இந்தச் சன்னல் வழியாப் படம் தெரியும். மறுநா கொல்லன்கிட்ட ஆணி வாங்கியாந்து நானே அடிச்சேன். அதுக்கு அடுத்த வருசமும் வந்து, அடச்ச சன்னலப் பாத்துக்கிட்டு நின்னா, கோட்டிக்காரி. அப்புறம் வரல.

ஆனா ஒண்ணு சார். சன்னல அடச்ச பொறகுதான் அந்தச் சத்தம் கேக்க ஆரம்பிச்சுது. படத்துக்குப் பின்னால. காயிதத்துல சாக்கட்டி வச்சுச் சொறண்டுற மாதிரி. எலிதான். எலி இல்லாத வீடு உண்டா? எம் பொண்டாட்டி மட்டும் இது எலி இல்லன்னு சொல்லிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. எலி நின்னு நின்னு, பாத்துப் பாத்துச் சொறண்டுமான்னு கேக்கா. சொறண்டும். ஏன் சொறண்டாது? நான் கட்டில மட்டும் பின்கட்டுக்கு மாத்திக்கிட்டேன், இங்க புழுக்கமா இருக்குன்னு. இப்பம் நானும் முடுக்கு வழியாத்தான் வாரது போறது. முன்வாசல் தொறந்ததே உங்களுக்காகத்தான்.

பயம்னு இல்ல. கண்ண மூடுனா அப்பா மொகம் வருது. நல்ல விசயந்தான? ஆனா வாரது எப்பவும் இந்தப் படத்து மொகந்தான். திருச்செந்தூர் வண்டியில என்னய மடியில வச்சிருக்கதும் இந்த மொகந்தான். துரைக்குப் பெட்டி தூக்கிக் குடுத்ததும் இந்த மொகந்தான். வேற ஒரு மொகம் இருந்திருக்கணும். அது எங்கயோ அடியில போயிட்டு. சரி விடுங்க. கொறடு எங்க வச்சேன். இந்தா இருக்கு.

நீங்க எந்திக்காதீங்க, உக்காந்தே இருங்க, நான் புடுங்கிருவேன். சவம், துருப்புடிச்சுப் போயிக் கெடக்கு. நாலு ஆணி அடிச்ச ஞாபகம், இன்னும் எத்தன இருக்கோ. உங்களப் பாத்தா எனக்குப் புது ஆளாவே தெரியல சார். வாசல்ல வந்து நின்னப்பவே நெனச்சேன், பழகுன மொகமா இருக்கேன்னு. இந்தக் கதவ கொஞ்சம் தள்ளுனா வந்துரும். மேக்கு வெயிலு, நேரா படத்து மேலயே விழும் பாருங்க. இந்தா, தொறந்தாச்சு. இப்பம் திரும்பிப் பாருங்க அப்பாவ.

சார்.

திரும்ப வேண்டாம். அப்படியே இருங்க. அந்தக் கைய நாற்காலியிலருந்து எடுக்காதீங்க, படத்துலயும் அப்படியேதான் இருக்கு.

கோமு. ஏ கோமு, இங்கன கொஞ்சம் வா. வர மாட்டா. அவளுக்குக் காப்பி கொண்டு வரும்போதே தெரிஞ்சிருக்கு.

நீங்க மெட்ராஸ்லருந்து வரலியா? வந்ததுலருந்து அததான் சொல்ல வந்தீங்களா? நான் பேச விடலியே. பேரு என்ன? நான் கேக்கவே இல்லயே.

வேலாண்டியா.

அப்பன் பேரையே வச்சிட்டாளா. உங்கம்மா எப்படி இருக்கா? போயிட்டாளா? எப்பம்? பங்குனியிலயா. ம். என்ன சொன்னா கடைசில? இல்ல, சொல்லுங்க, கேக்கேன். உங்க மொகத்தப் பாத்துப் பாத்து புருசன் மொகம் கலஞ்சு போச்சு, எது அவிய எது நீன்னு தெரியலன்னு சொன்னாளா. ஒரு தடவ போயி நீயாவது பாத்துட்டு வான்னாளா.

பாருங்க. எந்திச்சுப் பாருங்க. உங்கப்பாதான். நல்லாக் கிட்டப் போயிப் பாருங்க. கழத்தி எடுத்துட்டுப் போங்க, நான் ஏணி கொண்டாரேன். கையெழுத்து மட்டுந்தான் எங்களோடது.

எடுத்துட்டா அங்க என்ன இருக்கும்? வெறும் செவுரு. அதான் எங்கம்மா வெறும் வெளக்கக் கும்பிட்டிருக்கா.

எனக்கு இந்த வெரலுல மட்டும் ஒண்ணு இருக்கு தம்பி. மடியில உக்காந்து அப்பா கன்னத்தத் தடவுனது. சொரசொரன்னு, தேங்காச் செரட்டையத் தடவுன மாதிரி. கைக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியல. அவிய பழகுன ஆளெல்லாம் போயிட்டாவ. கோமுகிட்டக் கேட்டா அழுவா, சொல்லத் தெரியாது. உங்கம்மா கிட்டங்கிக்குக் கஞ்சி கொண்டாருவாளே, தெனமும் எங்கப்பாவப் பாத்திருப்பாளே. நான் அவள வாசல்ல வச்சு வெரட்டுனவந்தான், இருந்தாலும் கேக்கேன். எங்கப்பா மொகம் எப்படி இருக்கும்னு உங்கம்மா எப்பமாவது சொல்லியிருக்காளா?